கடைசிப் பாடத்தை முதற்பாடமாக்குக

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் மொத்தம் பதினாறு பாடங்கள். அவற்றில் பெரும்பகுதி பைத்தான் என்னும் கணினி மொழியைப் பற்றியது. பதினாறாம் பாடமாக, எல்லாவற்றிற்கும் கடைசியில், எண்களைப் படமாக வரையும் முறை வருகிறது. அக்கா படித்து வைத்துள்ள பிரதி எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதன் முதல் ஐந்தாறு பாடங்களின் ஓரங்களெல்லாம் பென்சில் குறிப்புகள். நடுவில் குறிப்புகள் குறைகின்றன. கடைசிப் பாடத்தின் தாள்களோ கடையில் வாங்கியபடியே வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. திருப்புதல் தேர்வுகள் வந்துவிட்டால் கடைசிப் பாடத்தின் கதி எல்லா நூல்களிலும் இதுதான் என்பது நாம் அறியாததன்று.

அந்தக் கடைசிப் பாடம் முதற்பாடமாக வரவேண்டும் என்பது என் கருத்து. அதுவும் பன்னிரண்டாம் வகுப்பில் அல்ல, ஒன்பதாம் வகுப்பில். கணினிப் பிரிவை எடுக்கப் போகிறவர்களுக்கு மட்டுமல்ல, வரலாறு, வணிகவியல், செவிலியம் என்று எந்தப் பக்கம் போகப் போகிறவர்களுக்கும்.

தோழியரே, கணினி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் மாணவியின் கட்டுரை அன்று இது.

முதலில், நம் பெற்றோர்களுக்காக ஒரு விளக்கம். ஆண்டு விழா நாடகத்திற்கு முன் நடிப்பவர்கள் கையில் வசனத் தாள் ஒன்றைத் தருவார்கள் அல்லவா? 'இந்தப் பக்கமாக வா, இதைச் சொல், அரசி அழுதால் விளக்கைத் தணி' என்று வரிசையாக எழுதியிருக்கும். அதற்கு ஆங்கிலத்தில் ஸ்கிரிப்ட் என்று பெயர். கணினிக்கு நாம் எழுதித் தரும் அப்படிப்பட்ட தாளும் ஸ்கிரிப்ட்தான். அதை எழுதுவதற்கென்றே அமைந்த எளிய மொழிகள் ஸ்கிரிப்டிங் மொழிகள் எனப்படும். சி பிளஸ் பிளஸ் போன்ற மொழிகளில் எழுதியதை முதலில் முழுவதுமாக இயந்திர மொழிக்கு மாற்றிய பின்னரே இயக்க முடியும். ஸ்கிரிப்டிங் மொழியில் எழுதிய கையோடு நடித்துப் பார்த்துவிடலாம். 1987-இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல், 1995-இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் ஆகியன இந்த இனத்தைச் சேர்ந்தவை.

பைத்தானின் பிறப்பு சுவையானது. நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள ஆராய்ச்சி நிலையமொன்றில் வேலை பார்த்த கீடோ வான் ராசம் என்பவர், 1989-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுது போவதற்காக இதை எழுதத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் உலகுக்கு இலவசமாக வெளியிட்டார். பெயரைக் கேட்டதும் மலைப்பாம்பு நினைவுக்கு வரும். ஆனால் அவர் அதை எடுத்தது, தமக்குப் பிடித்த ஓர் ஆங்கில நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயரிலிருந்து. (கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நமக்குக் கொடுக்கப்படும் வீட்டுப்பாடங்களின் அளவைக் காணும்போது, நம் நாட்டில் இப்படி ஒரு மொழி பிறக்காததற்குக் காரணம் ஓரளவு விளங்குகிறது. சகோதரிகள் கோபிக்க மாட்டார்கள் என நம்புகிறேன்!)

நிற்க. இம்மொழியின் அடிப்படையைக் கற்க எவ்வளவு காலம் ஆகும்? ஆறு பிற்பகல்கள் போதும். 'பிரிண்ட்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் மேற்கோள் குறி இட்டு நம் பெயரைத் தந்தால் திரையில் பெயர் வருகிறது. அடுத்து மாறி. மாறி என்பது பெயர் ஒட்டிய டப்பா. சமையலறையில் 'சீரகம்' என்று எழுதி ஒட்டிய டப்பாவில் அம்மா கடுகைப் போட்டு வைத்திருப்பதைப்போல, பெயர் ஒன்றாகவும் உள்ளே இருப்பது வேறாகவும் கூட இருக்கலாம். இயந்திரம் கேள்வி கேட்காது. 2008 டிசம்பரில் வெளியான பைத்தானின் மூன்றாம் பதிப்பிலிருந்து இந்தப் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். 'மழை' என்று தமிழ் எழுத்துகளில் எழுதிச் சமக்குறி போட்டு 12 என்று தந்தால் அது ஏற்றுக்கொள்கிறது. கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். அவையும் முப்பத்தைந்தே. நாம் ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்த ஆங்கிலச் சொற்பொருள் பட்டியல் அதைவிட நீளம்.

மாறிக்குப் பின் பட்டியல். சதுர அடைப்புக்குறிக்குள் எண்களை வரிசையாகக் காற்புள்ளி இட்டு எழுதினால் பட்டியல் ஆயிற்று. இங்கேதான் பலர் திகைக்கிறார்கள். பட்டியலின் முதல் உறுப்பை அது பூஜ்யம் என்று எண்ணுகிறது, இரண்டாவதை ஒன்று என்கிறது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பெரிய ஆஸ்பத்திரி லிஃப்டில் தரைத்தளத்திற்குப் பூஜ்யம் என்று பொத்தான் வைத்திருக்கிறார்கள், அதற்கு மேலே இருப்பதே முதல் மாடி. 'இங்கிருந்து எத்தனை படி தள்ளி' என்று எண்ணினால் முதலாவது பூஜ்யம்தானே? ஆனால் இதை யாராவது சொல்லித் தரவேண்டும். சொல்லாமல் 'அது அப்படித்தான், எழுதிக்கொள்' என்றால், கணினி நமக்கு வராது என்ற எண்ணம் அந்த நிமிடத்தில் மனத்தில் விழுந்துவிடுகிறது.

பிறகு மடக்கு. 'பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்' என்பது அதன் பொருள். மடக்கின் உள்ளே வரும் வரிகளைச் சற்றுத் தள்ளி எழுதவேண்டும், வழக்கமாக நான்கு இடைவெளி. தள்ளி எழுதாவிட்டால் வேலை நடக்காது. மற்ற மொழிகளில் இது அழகுக்காகச் செய்வது, பைத்தானில் இது இலக்கணம். நோட்டில் ஓரக்கோடு போடாத கட்டுரையைத் திருத்தாமல் திருப்பித் தரும் நம் சகோதரிகள் இம்மொழியை மிகவும் விரும்புவார்கள் என்பதில் ஐயமில்லை. மடக்கு தொடங்கும் வரியின் முடிவில் முக்காற்புள்ளி விட்டுப்போனாலும் அப்படியே. எந்த வரி என்று எண்ணைச் சொல்லிக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் திட்டுவதில்லை, மதிப்பெண்ணைக் குறைப்பதும் இல்லை. திருத்தி மீண்டும் இயக்கினால் பழையதை நினைவில் வைத்துக்கொண்டிருப்பதில்லை.

இதுவரை சொன்னவை எல்லா நூலிலும் உள்ளவை. எனக்குக் குறையாகப் படுவது இதற்கு அடுத்த கட்டம்தான். வழக்கமாக என்ன செய்யச் சொல்கிறார்கள்? ஓர் எண் ஒற்றையா இரட்டையா என்று கண்டுபிடி. பகா எண்ணா என்று பார். 5-இன் தொடர் பெருக்கம் என்ன? ஏழு ஒற்றைப்படை எண் என்பதைச் சொல்ல நமக்குக் கணினி எதற்கு? கோடை விடுமுறையில் பணம் வாங்கிக்கொண்டு நடத்தப்படும் சில வகுப்புகளில் நிலைமை இதனினும் மோசம். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வைத்து, இறுதி நாளில் தங்க நிற ஓரமிட்ட சான்றிதழ் ஒன்றைத் தந்து அனுப்பிவிடுகிறார்கள். கூடத்தில் சட்டமிட்டு மாட்டுவதற்கு உதவும்.

இவற்றிற்குப் பதிலாக முதல் வாரத்திலேயே ஒரு படம் வரைய விட்டால் என்ன? பைத்தானில் படம் வரைவதற்கு மேட்பிளாட்லிப் என்றொரு கருவித் தொகுப்பு இருக்கிறது. அதைச் செய்தவர் ஜான் ஹண்டர் என்னும் அமெரிக்க நரம்பியல் ஆராய்ச்சியாளர். வலிப்பு நோயாளிகளின் மூளையில் ஓடும் மின்னலைகளைப் படமாகப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு ஏற்பட்டது. அதற்காகத் தாம் எழுதிய கருவியை 2003-இல் எல்லாரும் பயன்படுத்தும்படி இலவசமாக வெளியிட்டார். 2012-இல் தம் நாற்பத்து நான்காம் வயதில் புற்றுநோயால் மறைந்தார். 2019 ஏப்ரலில் கருந்துளையின் முதல் படத்தை உலகுக்குக் காட்டிய விஞ்ஞானிகளும் இத்தொகுப்பைப் பயன்படுத்தினார்கள். அதே கருவிதான் நம் ஆய்வகத்துப் பழைய கணினியிலும் ஓடுகிறது, காசில்லாமல்.

படம் வரைய ஆறு வரிகள் போதும். முதல் வரி அந்தத் தொகுப்பை அழைத்துவர. இரண்டாவதில் எக்ஸ் அச்சுக்குரிய பட்டியல், மூன்றாவதில் ஒய் அச்சுக்குரியது. நான்காவதில் 'பிளாட்' என்று சொன்னால் புள்ளிகளைக் குறித்துக் கோட்டால் இணைக்கிறது. ஐந்தாவது தலைப்பு. ஆறாவதில் 'ஷோ' என்றால் படம் திரையில் விரிகிறது. (தலைப்பைத் தமிழில் தந்தால் எழுத்துகளுக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். தொகுப்போடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லாததே காரணம். தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேடிக் காட்டித் தரவேண்டியிருக்கிறது.)

பத்தாம் வகுப்பில் நாம் வரையும் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் வர்க்கம் கழித்தல் 4. எக்ஸின் மதிப்பு -4 முதல் 4 வரை. அட்டவணை போட்டு, அளவுத்திட்டம் எழுதி, ஒன்பது புள்ளிகளைக் குறித்து, பென்சிலைச் சீவி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே வீச்சில் வளைகோட்டை இழுக்கிறோம். பொதுத்தேர்வில் எட்டு மதிப்பெண் அல்லவா! இதே ஒன்பது புள்ளிகளைக் கணினிக்குத் தந்தால் அது என்ன செய்கிறது தெரியுமா? வளைகோடு போடுவதில்லை. புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு இழுத்து, முட்டி முட்டியாக, உடைந்த கூடைபோல ஒன்றை வரைந்து வைக்கிறது. புள்ளிகளுக்கு இடையில் என்ன இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை, ஆகவே அது நேராகப் போய்விட்டது. நூறு புள்ளிகளைக் கணக்கிட்டுத் தரச் சொன்னால் முட்டிகள் மறைந்து அழகிய பரவளையம் கிடைக்கிறது. அதை உற்றுப் பெரிதாக்கினால் அதுவும் குட்டி குட்டி நேர்கோடுகளே.

இதைப் பார்த்த பிறகுதான், வரைபடத்தாளில் நம் கை இழுக்கும் அந்த வளைவு எவ்வளவு துணிச்சலானது என்பது புரிகிறது. ஒன்பது இடங்களில் மட்டும் தெரிந்துகொண்டு, மற்ற எல்லா இடங்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். அந்த வளைவு சரிதான், சமன்பாடு இருப்பதால். சமன்பாடு இல்லாத இடத்தில்? அங்கே ஒருவர் அழகான வளைகோடு போட்டுக் காட்டினால், 'எத்தனை புள்ளிகள் வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்கும் துணிவு நமக்கு வருகிறது.

அடுத்து நம் வீட்டுச் சங்கதி. மின்வாரிய அட்டையில் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை அளவு குறித்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டு அட்டையில் ஓர் ஆண்டுக்குரிய ஆறு எண்கள் இவை: 320, 345, 410, 395, 350, 335. இவற்றைப் பட்டியலாக்கி வரையச் சொன்னால், கோடு மே மாதத்தில் கொடைக்கானல் மலைபோல எழும்பி நிற்கிறது. பார்க்கிறவர்கள் வீட்டில் புதிதாக ஏதோ தொழிற்சாலை வைத்திருக்கிறோம் என்றே எண்ணுவார்கள். காரணம் என்ன? ஒய் அச்சு எங்கே தொடங்கவேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், கோட்டுப் படத்தில் கணினி அதைத் தானே முடிவு செய்கிறது. இருப்பதில் சிறிய எண்ணுக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 315-இல், தொடங்கிவிடுகிறது. ஆகவே முதல் புள்ளி அடிக்கோட்டிலிருந்து ஒரு விரல் உயரம் என்றால், மே மாதப் புள்ளி இருபது விரலுக்கும் மேல். உண்மையில் கூடியது 28 விழுக்காடுதான். அச்சு பூஜ்யத்தில் தொடங்கட்டும் என்று இன்னொரு வரி சேர்த்தால், மலை இறங்கி வயல் வரப்புபோல ஆகிவிடுகிறது.

இரண்டு படங்களையும் எங்கள் அம்மாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்கள். "ரெண்டாவதை மட்டும் உங்க அப்பாகிட்ட காட்டு புள்ள. முதல் படத்தைப் பாத்தாருன்னா என் ஃபேனைக் கழட்டிருவாரு" என்றார்கள்.

எண்கள் ஒன்றே, படங்கள் இரண்டு, இரண்டில் பொய் எதுவுமில்லை. ஆனால் காட்டுகிறவருக்கு என்ன வேண்டுமோ அதற்கேற்ற படத்தைத் தேர்ந்துகொள்ளலாம். எழுபத்தைந்து வயதில், கணினியைத் தொடாமலே, அம்மாச்சிக்கு இது ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. நமக்கோ தொலைக்காட்சியில் தேர்தல் காலத்துப் படங்களும், பற்பசை, சத்துமாவு விளம்பரங்களில் உயர்ந்துகொண்டே போகும் பட்டைகளும் நாள்தோறும் காட்டப்படுகின்றன. அவற்றின் ஓரத்தில் எண்கள் இருக்கின்றனவா, இருந்தால் எதில் தொடங்குகின்றன என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? தானே ஒருமுறை மலையை வரப்பாக்கிப் பார்த்தவள் கட்டாயம் பார்ப்பாள். இந்தக் கலையைச் சீக்கிரமே சொல்லித் தரவேண்டும் என்று நான் கேட்பதற்கு முதன்மையான காரணம் இதுவே.

வரைபடங்கள் கணினியோடு பிறந்தவை அல்ல. ஸ்காட்லாந்து நாட்டினரான வில்லியம் பிளேஃபேர் 1786-இல் வெளியிட்ட நூலில் கோட்டு வரைபடங்களும் பட்டை வரைபடமும் உள்ளன. 1801-இல் வட்ட விளக்கப்படத்தையும் அவரே கொண்டுவந்தார். (வட்டத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. எந்தத் துண்டு பெரிது என்று கேக் வெட்டும்போதே நம்மால் தீர்மானிக்க முடிவதில்லை, அருகருகே நிறுத்திய பட்டைகளில் ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது.) ஆனால் நம் பள்ளியில் நினைவுகூரத் தக்கவர் இன்னொருவர். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைக் கையில் விளக்கோடு நாம் அனைவரும் அறிவோம். மாறுவேடப் போட்டிகளில் ஆண்டுதோறும் ஒருத்தியாவது அந்த விளக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். வரைபடத்தோடு அவரை எவரும் காட்டியதில்லை.

கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படைவீரர்கள் எதனால் இறந்தார்கள் என்று அவர் மாதவாரியாகக் கணக்கு வைத்தார். 1855 ஜனவரி மாதத்தில் காயங்களால் இறந்தவர்கள் 83 பேர். தடுத்திருக்கக்கூடிய தொற்று நோய்களால் இறந்தவர்கள் 2,761 பேர். குண்டுக்குத் தப்பியவர்களை மருத்துவமனைச் சாக்கடையும் நெரிசலும் கொன்றன. எண் அட்டவணைகளை அமைச்சர்கள் படிக்கமாட்டார்கள் என்பதை அம்மையார் அறிந்திருந்தார். ஆகவே 1858-இல், மாதத்திற்கொரு விசிறித் துண்டாக, பூ மலர்ந்ததுபோன்ற ஒரு படம் வெளியிட்டார். நோய்க்கு நீலம், காயத்திற்குச் சிவப்பு, மற்றவற்றிற்குக் கறுப்பு. நீலம் படம் முழுவதையும் விழுங்கி நிற்கும். அதே ஆண்டு இலண்டன் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றது.

அந்தப் பூவைப் பைத்தானில் நாமே வரையலாம், வரையும்போதுதான் அவர் பட்ட கவலை தெரியும். 2,761 என்பது 83-ஐப்போல 33 மடங்கு. விசிறியின் ஆரத்தை 33 மடங்கு நீட்டினால் என்ன ஆகும்? பரப்பு ஆரத்தின் வர்க்கமாக வளருமாதலால், நீலம் சிவப்பைப்போல 1,100 மடங்குக்குமேல் பெருத்துவிடும். தம் பக்கம் நியாயம் இருக்கிறதே என்று அவர் அப்படி ஊதிக் காட்டவில்லை. பரப்புதான் எண்ணைக் காட்டும் என்று வைத்தார். அப்படியானால் ஆரத்திற்கு வர்க்கமூலம் எடுக்கவேண்டும், அது ஏறத்தாழ ஆறு மடங்குதான் வரும். நிரலில் இது ஒரே ஒரு சொல். ஆனால் அந்த ஒரு சொல்லை எழுதுவதா விடுவதா என்பதை எழுதுகிறவள்தான் முடிவு செய்யவேண்டும்.

கணக்குப் புத்தகத்தில் கூட்டுச் சராசரியும் திட்ட விலக்கமும் படிக்கிறோமே, அவை போதாவா என்று சிலர் வினவலாம். இதற்கு 1973-இல் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்னும் புள்ளியியலாளர் ஒரு வேடிக்கையான விடை தந்தார். பதினொரு சோடி எண்கள் கொண்ட நான்கு தொகுதிகளைச் செய்தார். நான்கிலும் எக்ஸின் சராசரி 9. ஒய்யின் சராசரி 7.5. திட்ட விலக்கங்களும் ஏறத்தாழ ஒன்றே. தேர்வுத்தாளில் வந்தால் நான்குக்கும் ஒரே விடை எழுதி முழு மதிப்பெண் பெற்றுவிடலாம். வரைந்து பார்த்தாலோ, ஒன்று சாய்கோட்டைச் சுற்றி இறைந்த புள்ளிகள், இன்னொன்று கவிழ்த்த கிண்ணம்போன்ற வளைவு, மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் நூல் பிடித்தாற்போல நேராகவும் ஒன்று மட்டும் எங்கோ உயரத்திலும், நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே செங்குத்து வரிசையிலும் ஒன்று தன்னந்தனியாக மூலையிலும். நான்கு சகோதரிகளுக்கும் உயரமும் எடையும் ஒன்றாக இருப்பதால் நால்வரும் ஒருத்தியே என்று சொல்வதைப்போன்றதுதான், படத்தைப் பார்க்காமல் சராசரியை மட்டும் சொல்வது.

இந்தக் கல்வி கணக்குப் பிரிவினருக்கு மட்டும் உரியதன்று என்றேன். என் வகுப்பில் வரலாறு எடுக்க விரும்பும் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவள் தமிழ்நாட்டு மக்கள்தொகையை வரைந்தாள். 1951-இல் 3.01 கோடி, 1961-இல் 3.37, 1971-இல் 4.12, 1981-இல் 4.84, 1991-இல் 5.59, 2001-இல் 6.24, 2011-இல் 7.21. கோடு ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் 1991-க்கும் 2001-க்கும் இடையில் ஏற்றம் சற்றுத் தளர்கிறது. பிறகு மீண்டும் செங்குத்தாகிறது. 'ஏன்?' என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வி கணினியைச் சேர்ந்ததன்று, வரலாற்றைச் சேர்ந்தது. அடுத்து 2021-க்கான புள்ளி இல்லை, ஏனெனில் அவ்வாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. கோட்டை அப்படியே நீட்டிவிடக் கை துடிக்கிறது. அவள் நீட்டாமல், 2011-இலேயே நிறுத்திவிட்டு, வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டாள். அவளைவிட நல்ல கணினி மாணவியை நான் கண்டதில்லை. அடுத்த ஜூன் மாதம் அவள் கணினிப் பிரிவில் இருக்கமாட்டாள், ஆகவே அந்தப் பதினாறாம் பாடத்தை அவளுக்கு யாரும் நடத்தமாட்டார்கள். பத்தாம் வகுப்பு முடிவு வெளிவந்த மறுநாளே, மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, 'இவளுக்குக் கணினி வரும், இவளுக்கு வராது' என்று வீடுகளில் முடிவாகிவிடுகிறது. ஒரு படம்கூட வரைந்து பார்க்காமல் இந்த முடிவு எடுக்கப்படுவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

பெற்றோர்கள் இரண்டு தடைகளைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கணினியைத் திறந்தால் பிள்ளைகள் வேறெங்கோ போய்விடுவார்கள் என்பது ஒன்று. நியாயமான அச்சமே. ஆனால் இந்த வேலைக்கு இணைய இணைப்பு தேவையில்லை, ஒருமுறை பைத்தானையும் படத் தொகுப்பையும் கணினியில் நிறுவிவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிட்டே வேலை செய்யலாம். இரண்டாவது தடை இக்காலத்தது. கேட்ட மாத்திரத்தில் செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதித் தருகிறதே, இவள் ஏன் உட்கார்ந்து எழுதவேண்டும்? உண்மைதான். அந்த ஆறு வரிகளை அது நொடியில் தரும், நன்றாகவே தரும். ஆயத்த ஆடைகள் தெருவுக்குத் தெரு கிடைக்கும் காலத்திலும் நம் பள்ளியில் தையல் வகுப்பு நடக்கிறது. அது நம்மைத் தையற்காரிகளாக்கவா? கடையில் சட்டையை வாங்கும்போது உட்பக்கம் திருப்பி, தையல் எங்கே விட்டுப்போகும் என்று பார்க்கத் தெரிகிறதே, அதற்காக. நுண்ணறிவு தரும் படத்தையும் உட்பக்கம் திருப்பிப் பார்க்கத் தெரியவேண்டும். அச்சு 315-இல் தொடங்கியிருந்தால் அம்மாச்சியின் மின்விசிறிக்கு என்ன ஆகும் என்பதை அதற்குச் சொல்ல நாம்தான் இருக்கிறோம்.

இனி, சகோதரிகளுக்கும் தாளாளர் அவர்களுக்கும் என் பணிவான விண்ணப்பம். ஒன்பதாம் வகுப்பில் வாரத்திற்கு ஒரு பாடவேளை, ஒரு பருவம் மட்டும். ஒரு கணினிக்கு இருவர் அமர்ந்தால் போதும். ஒருத்தி தட்டச்சு செய்ய, மற்றவள் முக்காற்புள்ளியைக் கவனிக்கட்டும். விளக்கம் தமிழில் இருக்கட்டும். தேர்வு வேண்டாம், மதிப்பெண் வந்துவிட்டால் அதுவும் பதினாறாம் பாடமாகிவிடும். முதல் நாளே படம். எண்கள் புத்தகத்திலிருந்து வேண்டாம், நம்முடையவையாக இருக்கவேண்டும்.

எந்த எண்கள் என்று கேட்டால், மழையைச் சொல்வேன். பக்கங்கள் நேராக உள்ள, அடி தட்டையான தகர டப்பா ஒன்றை மொட்டைமாடியில், மரநிழலும் சுவரோரமும் இல்லாத இடத்தில் வைத்தால் போதும். உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை மில்லிமீட்டர் அளவுகோலால் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். நம் பள்ளிக் கூரையின் பரப்பைப் பெருக்கினால், ஒவ்வொரு மழைக்கும் எத்தனை லிட்டர் குழாய் வழியே தெருவுக்குப் போகிறது என்பதும் தெரிந்துவிடும். அதுவும் ஒரே ஒரு வரி நிரல்தான். இந்திய வானிலை ஆய்வுத் துறையினர் அன்றாட மழையளவைக் காலை 8.30 மணிக்குக் குறிக்கிறார்கள். நாமும் அதே நேரத்தில் குறித்தால் அவர்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். டப்பாவை என் வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன். மொட்டைமாடிச் சாவி மட்டும் சகோதரிகளிடம் இருக்கிறது.